கருத்து நோட்டில் விட்டுப்போன எண்கள்

ஜனவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். மூட்டுவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுவும் மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் நானும் இருக்கிறேன் என்று குரல் கொடுக்கிறது. உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? அச்சகத்தில் உன் மேசைக்கு நல்ல விளக்கு மாட்டச் சொன்னேனே, மாட்டினார்களா?

உன் நாவல் பதினைந்து நாளுக்கு முன்பே நூலகத்துக்கு வந்துவிட்டது. முத்திரை குத்தி, புதுவரவு அலமாரியில் அட்டை தெரியும்படி நிறுத்தி வைத்தேன். இது என் தங்கை எழுதியது என்று மூச்சு விடவில்லை. நீதான் புனைபெயருக்குள் போய் ஒளிந்துகொண்டாயே.

காதலும் மர்மமும் சேர்ந்த கதை என்று அட்டையில் போட்டாலும் போட்டார்கள், ஒரே பிரதிக்கு பதினோரு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதனால் உன் நாவலுக்கென்று தனிக் கருத்து நோட்டு போட்டிருக்கிறேன். படித்துவிட்டுத் திருப்பித் தருகிறவர்கள் அதில் எழுதுவார்கள், நான் எண் முத்திரை குத்துவேன். இங்கே எல்லாவற்றுக்கும் எண்தான் என்பது உனக்குத் தெரியுமே.

எண் 1, தையல்காரம்மா: "ரெண்டு நாள் மெஷினைத் தொடவே இல்லை. பிளவுஸ் கொடுத்தவங்க எல்லாம் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க." எண் 2, கணக்கு வாத்தியார்: "முதல் நாவல் என்று தெரிகிறது." இது பாராட்டா திட்டா என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் பாதிதான் படித்திருக்கிறேன். மீதியைப் படித்துவிட்டு எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூட்டு சீக்கிரம் வாயை மூடிக்கொள்ளட்டும். விளக்கு மாட்டிவிட்டார்கள், கண் தேவலாம். போனில் பேசலாம்தான். ஆனால் மூன்றாவது நிமிடத்தில் நாம் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். கடிதம்தான் நமக்குச் சரி.

எல்லாக் கருத்தையும் எழுதி அனுப்பு அக்கா. தேன் தடவாதே. பதினைந்து வருடமாக மற்றவர்களின் எழுத்தில் பிழை பார்த்துச் சாப்பிடுகிறவள் நான், என் பிழையை யாராவது காட்டினால் அழுதுவிட மாட்டேன்.

பாதி படித்தவரை நீ கண்டுபிடித்திருப்பாய். கதையில் வரும் பாலம் கட்டும் பொறியாளர் வேறு யாரும் இல்லை, நம் அடுத்த தெருவில் குடியிருந்த சர்வேயர்தான். பெண் கேட்க வியாழக்கிழமை காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலேயே அன்று மாலை ரயிலில் மாற்றலாகிப் போனாரே, அவர். கதையில் அவரை அவருடைய நண்பன் வழியிலேயே ஆற்றில் தள்ளிவிடுகிறான். நிஜத்தில் யாரும் யாரையும் தள்ளவில்லை. அவர் வரவில்லை, அவ்வளவுதான். பதினோரு வருடம் கழித்து, வராமல் போனதற்குக் கதையிலாவது ஒரு காரணம் இருக்கட்டுமே என்று ஒரு அப்பாவியைக் கொலைகாரன் ஆக்கிவிட்டேன்.

படித்து முடித்ததும் உடனே எழுது.

சின்னவள்


பிப்ரவரி 17

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாவலை முடித்துவிட்டேன். நன்றாக எழுதியிருக்கிறாய்.

இங்கே நூலகம் இரண்டு கட்சியாகிவிட்டது. வாசிப்பு மேசையின் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். 'சத்தம் போடாதீர்கள்' பலகையை நான் துடைத்துத் துடைத்து மாட்டுகிறேன், ஒருவரும் கண்டுகொள்வதாக இல்லை. கருத்துகளை எழுதுகிறேன்.

எண் 5, கண்டக்டர்: "நண்பன்தான் செய்தான். முதல் பக்கத்திலேயே அவன் முழி சரியில்லை." எண் 6, கல்லூரிப் பெண்: "கடைசி அத்தியாயம் படித்துவிட்டு பஸ்ஸில் அழுதேன்." எண் 8, கணக்கு வாத்தியார் இரண்டாம் முறை: "நண்பன் ஒன்பதே முக்காலுக்கு ரயில் நிலையத்தில் இருக்கிறான். பத்து மணிக்கு ஆற்றங்கரையில் கொலை செய்கிறான். நடுவே ஆறு மைல். பறந்தானா?" எண் 9, கண்டக்டர் பதிலுக்கு: "வாத்தியாருக்குக் காதல் தெரியாது." எண் 12, தையல்காரம்மா: "அந்தப் பொண்ணு இன்னொரு கல்யாணம் பண்ணியிருக்கணும்."

வேறு விசேஷம் இல்லை. குளிர் அதிகம், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கழுத்தையும் மூடிக்கொண்டுதான் போகிறேன்.

'நன்றாக எழுதியிருக்கிறாய்' என்ற இரண்டே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாய். ஒரு சோப்பு வாங்கினால்கூட ஒரு பக்கம் எழுதுகிறவள் நீ. பிடிக்கவில்லையா?

இன்னொன்று. எண் 7 எங்கே? 10, 11 எங்கே? ஜனவரியில் 1, 2 எழுதினாய், இப்போது 5இல் ஆரம்பிக்கிறாய். 3, 4 என்ன ஆயிற்று? ஒரு புத்தகம் கையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது பக்க எண் தொடர்கிறதா என்பதைத்தான். வயிற்றுப்பாடு அப்படி. என்னைத் திட்டி எழுதியிருந்தால் திட்டையும் எழுது, தாங்குவேன்.

சின்னவள்


ஏப்ரல் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மார்ச் முழுவதும் ஆண்டுக் கணக்கெடுப்பு. புத்தகங்களை இறக்கி ஏற்றியதில் இடுப்பும் மூட்டோடு கூட்டணி வைத்துக்கொண்டது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

விட்டுப்போன எண்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவை ஒன்றுமில்லாதவை. சிலர் 'நன்று' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார்கள். அதைப் போய் எப்படி நகல் எடுப்பது? ஒரு பக்கத்தில் மை வேறு கொட்டிவிட்டது.

புதியவை: எண் 14, ஓய்வு பெற்ற தபால்காரர்: "எழுத்து பெரிதாக இருந்திருக்கலாம்." எண் 17, கல்லூரிப் பெண்: "அடுத்த நாவல் எப்போது?" எண் 21, கண்டக்டர்: "நண்பன்தான். இதற்கு மேல் பேச்சே இல்லை."

எனக்கு ஒரு யோசனை. முதல் நாவல் முடிந்தது, நல்ல பெயர் கிடைத்தது. இனி இதையே நினைத்துக்கொண்டிருக்காமல் அடுத்ததை ஆரம்பி. பழசைக் கிளறினால் உனக்குத்தான் தூக்கம் போகும்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

நலம், நலமறிய ஆவல். இன்றைக்கு அதோடு விடு.

பதிப்பாளர் வழியாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் நூலகத்துக்குத் தினமும் வரும் ஓய்வு பெற்ற கம்பவுண்டராம். கையெழுத்து மருந்துச் சீட்டு போலவே இருந்தது. அப்படியே தருகிறேன்.

"அம்மா, நான் கருத்து நோட்டில் 3, 7, 11, 15, 19 ஆகிய எண்களில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். பதினான்காம் அத்தியாயத்தில் மழை. கதாநாயகி அம்மாவுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாள். மாலையில் முன்வாசல் கூடத்தைத் துடைக்கும்போது ஆண் பிள்ளையின் சேறு படிந்த ஷூத் தடம் இருக்கிறது, அதையும் சேர்த்துத் துடைக்கிறாள். அதற்கப்புறம் நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அது யாருடைய தடம்? அவன் ஆற்றில் சாகவில்லை அம்மா. வீட்டுக்கு வந்துவிட்டான். வீட்டில் இருந்தது படுத்த படுக்கையான தாயாரும் அக்காவும்தான். கதையில் அந்த அக்காவை ஏன் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை? நூலகர் அம்மாவிடம் சொன்னேன். 'எழுதினவங்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்காதுங்க, விட்டுடுங்க'ன்னு சொல்றாங்க. உங்களுக்குப் பிடிக்காதா?"

எனக்குப் பிடிக்காது என்று உன்னிடம் யார் சொன்னது?

அந்தத் தடத்தை நான் கற்பனை செய்யவில்லை அக்கா. நிஜமாகவே துடைத்தேன். அந்த நாளில் நினைவிருந்ததையெல்லாம் எடுத்து எழுதினேன், அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. பதினோரு வருடத்தில் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. முகம் தெரியாத ஒரு கம்பவுண்டர் யோசித்திருக்கிறார்.

அன்றைக்குக் காலையில் நம் வீட்டுக்கு யார் வந்தது?

சின்னவள்


ஏப்ரல் 13

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது, விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்பவுண்டருக்குப் பொழுது போகவில்லை. மனைவி போனதிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நீ மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

அன்றைக்கு மின்கணக்கு எடுப்பவர் வந்தார். மீட்டர் கூடத்துக்குள்ளேதானே இருந்தது. மழையில் நனைந்து வந்ததால் தடம் பதிந்திருக்கும். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அம்மாகூட யார் என்று கேட்டாள். இல்லாவிட்டால் டாக்டர் வந்த நாளாக இருக்கும். அவரும் ஷூ போடுகிறவர்தான். வியாழக்கிழமைதோறும் வருவாரே. எது எப்படியோ, வேறு யாரும் வரவில்லை. யார் வந்தாலும் நான் உன்னிடம் சொல்லாமல் இருப்பேனா?

வெயில் ஆரம்பித்துவிட்டது. நிறையத் தண்ணீர் குடி.

உன் அக்கா


மே 3

அக்கா,

தண்ணீர் குடிக்கிறேன். உன் இடுப்பு தேவலாமா?

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் எழுத்துக்காக, பிறகு பொருளுக்காக, கடைசியில் முன்னுக்குப் பின் முரணுக்காக. அச்சகத்தில் அப்படித்தான் படிப்போம். 'நன்றாக ஞாபகம் இருக்கிறது' என்று ஒரு வரி. அடுத்த வரியில் மின்கணக்கு எடுப்பவர் டாக்டராக மாறிவிட்டார். பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை, அவள் எப்படி யார் என்று கேட்டாள்? டாக்டர் வந்தது செவ்வாய்க்கிழமைகளில். மருந்துக்கு நான் வியாழக்கிழமை போனதே அவர் செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்ததற்காகத்தான்.

இன்னும் ஒன்று. நீ என்னிடமிருந்து கருத்துகளை மறைத்தாய். ஆனால் எண்ணை மாற்றிப் போட உன் கை வரவில்லை. 3ஐ விட்டுவிட்டு 5ஐ 3 என்று எழுதியிருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. முத்திரை குத்திய எண்ணை நூலகர் மாற்ற மாட்டார். என்னிடம் பொய் சொல்வாய், நோட்டிடம் சொல்ல மாட்டாய்.

உங்கள் வாசகர்கள் பதிப்பாளருக்கு எழுதி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் 8, ஞாயிறு மாலை மூன்று மணி, உன் நூலகத்தின் வாசிப்பு அறையில். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சின்னவள்


மே 7

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

வராதே. கெஞ்சிக் கேட்கிறேன். வந்து அக்காவைப் பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. நூலகத்துக்கு வேண்டாம். இந்த ஊரில் எனக்கு இருப்பது அந்த ஒரு மேசைதான். சண்டை போட வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து போடு.

அக்கா


ஜூன் 12

சின்னவளுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். ஐந்து மணி பஸ்ஸில் இடம் கிடைத்ததா?

நீ வந்தாய், மேடைக்குப் போனாய், என்னைப் பார்த்து 'வணக்கம் மேடம்' என்றாய். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், 'நன்றி' என்றாய். நாம் அக்கா தங்கை என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நாற்பது நாற்காலியும் நிறைந்து, கண்டக்டர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் எழுந்து நோட்டைத் தூக்கிக் காட்டி, "சுத்தி வளைக்காம சொல்லுங்கம்மா, நண்பனா, அக்காவா?" என்று கேட்டார்.

நீ மைக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "அக்காதான். நான் எழுதும்போது எனக்கே தெரியல, நீங்கதான் கண்டுபிடிச்சீங்க" என்றாய்.

கணக்கு வாத்தியார் எழுந்து நின்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் நின்றால் யாராவது கவனிப்பார்களே.

அப்புறம் தையல்காரம்மா கேட்டாள், "கூடப் பொறந்தவ எதுக்குங்க அப்படிச் செய்யணும்?" நீ சொன்னாய்: "அதை அவங்கதான் சொல்லணும்." நான் கதவருகில் நின்றிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

சொல்கிறேன். அவர் வந்தார். காலை பத்து மணி, மழை. நான்தான் கதவைத் திறந்தேன். கூடத்துக்குள் நான்கு அடி வந்திருப்பார். "அவளுக்கு வேற இடத்துல பேசி முடிச்சாச்சு, அவளுக்கும் சம்மதம்தான், இனிமே உங்களைப் பார்க்க வேண்டாம்னு சொல்லச் சொன்னா" என்றேன். அவ்வளவையும் நிறுத்தாமல் சொன்னேன், ஏனென்றால் முந்தைய நாள் முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

அம்மாவை ஒரு பக்கம் நீ பிடித்தால் மறுபக்கம் நான் பிடித்துத் திருப்பிப் படுக்கவைப்போம். நீ போய்விட்டால் மறுபக்கம் யார் என்று பயந்தேன். அம்மாவுக்காகச் செய்தேன் என்றுதான் இத்தனை வருடமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழுசும் உண்மை இல்லை. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது, என்னைக் கேட்டு ஒருவரும் அந்தப் படியேறவில்லை. சின்னவளுக்கு மட்டும் எப்படி என்று இருந்தது. பொறாமைதான், வேறு பெயர் இல்லை. அம்மா போன மறு வருடம் நான் இந்த வேலைக்குக் கிளம்பி வந்துவிட்டேன், நீதான் அந்த வீட்டில் தனியாகக் கிடந்தாய்.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 29

அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. அலுவலகத்துக்குப் போகிறேன், வருகிறேன், பிழை திருத்துகிறேன். போன வாரம் ஒரு பள்ளிப் பாடநூலில் முழுப் பக்கம் ஒன்று தலைகீழாக அச்சாகிப் போனதைக் கவனிக்காமல் விட்டேன். முதலாளி திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் வரவில்லை என்று பதினோரு வருடம் திட்டினேன் அக்கா. கோழை என்றேன், ஏமாற்றுக்காரர் என்றேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி அவரைச் சாகடிக்கவும் செய்தேன். அவரும் எங்கோ உட்கார்ந்து என்னை அதே மாதிரி திட்டிக்கொண்டிருந்திருப்பார்.

மன்னிப்பைப் பற்றி இப்போது எழுதாதே. நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. நீ சொன்னதும் அவர் நம்பிவிட்டாரா? என்ன சொன்னார்? உடனே போய்விட்டாரா? எவ்வளவு நேரம் இருந்தார்? நான் எதையும் ஊகிக்க விரும்பவில்லை, ஊகித்துப் போதும் போதும் என்றாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுது. எதையும் விட்டுவிடாதே.

சின்னவள்


ஆகஸ்ட் 2

சின்னவளுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் நம்பவில்லை. "அவங்க வாயால ஒரு தடவை சொல்லட்டும், நான் போயிடறேன்" என்றார். நீ ஊரில் இல்லை, வர இரண்டு நாள் ஆகும் என்றேன். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் கதவைச் சாத்தினேன்.

ஆனால் போகவில்லை. எதிரே பூட்டிக் கிடந்த பாத்திரக்கடை இருந்ததே, அதன் படியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது, மழை நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

ஒன்றரை மணிக்கு நீ வருகிற நேரம். நான் பின்பக்கச் சந்து வழியாக ஓடிவந்து உன்னைத் தெருமுனையிலேயே பிடித்தேன். "அம்மாவுக்கு மூச்சு முட்டுது, சீக்கிரம் வா, இந்த வழி கிட்ட" என்று கையைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்தேன். நீ திரும்பியிருந்தால் அவர் தெரிந்திருப்பார். இருபது அடிகூட இருக்காது. அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார், உன்னைப் பார்க்கவில்லை.

அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் சரியாயிற்று போல என்று உன்னிடம் சொன்னேன். அவர் நான்கு மணி வரை இருந்தார்.

நீ அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரைப்பு அடங்காமல், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நீ இருந்தேக்கா" என்றாய்.

அக்கா